ஐந்தடி ஏழங்குலம்

3 ஜனவரி, புதன்

புது வண்டி வாசலில் நிற்கிறது. நிற்கிறது என்பதைவிட வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று சொல்லலாம். பால்காரர் சைக்கிளைச் சாய்க்க இடமில்லாமல் முனகிக்கொண்டே போனார்.

சரக்குப் பெட்டி நீளம் ஒன்பது அடி. வண்டி அகலம் ஐந்தடி ஏழு அங்குலம். மூக்கிலிருந்து வால் வரை பதினேழு அடி. நானே டேப் பிடித்து அளந்தேன். முப்பது வருடமாக, கைக்கு வந்த ஒவ்வொரு வண்டியையும் முதல் நாளே அளந்து எழுதிவிடுவது என் பழக்கம். வண்டி ஸ்டாண்டில் எனக்கு ‘இஞ்சி டேப்பு சோலையப்பன்’ என்றே பெயர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பழைய சின்ன வண்டியை, குட்டியானையை, எங்கள் ஸ்டாண்டு ஞானதுரை வாங்கிக்கொண்டான். பெட்டி ஏழடி, அகலம் நாலடி பத்து. பதினாலு வருடம் சோறு போட்ட வண்டி. ஆனால் சத்திரப்பட்டியில் ஓடுவது பேண்டேஜ் துணி. அதற்கு எடை கிடையாது, இடம்தான் அடைக்கும். “ரெண்டு நடை எல்லாம் வேண்டாம், ஒரே நடையில எடுக்குற வண்டி இருந்தா வாங்க” என்று கம்பெனிகளில் சொல்ல ஆரம்பித்து ஒரு வருடமாகிறது. வேறு வழியில்லை.

வீட்டில் கனிதான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. “இருக்குற வண்டியே போதும்ங்க. பெருசு எதுக்குங்க நமக்கு?” என்று ஒரு மாதமாக அதே பாட்டு. இப்போது என்னடாவென்றால் பேக்கிங் வேலையை விட்டுவிட்டு என்னோடு வண்டியில் வரப்போகிறாளாம். ஏசி ஆசை. வேறென்ன?

லைசென்ஸ் மார்ச் பதினொன்றோடு முடிகிறது. மறக்கக்கூடாது.

8 ஜனவரி, திங்கள்

ஒரு வாரம்கூட ஆகவில்லை, இடது கதவில் முழ நீளத்துக்குக் கோடு. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் மிஷின் மேடையில் உரசிவிட்டது. அந்த மேடையை அங்கே கட்டச் சொன்னது யார் என்று தெரியவில்லை.

குற்றம் வண்டியின் அமைப்பில் இருக்கிறது. குட்டியானைக்கு மூக்கு கிடையாது. சீட்டில் உட்கார்ந்தால் காலடியில் தார் ரோடு தெரியும், ஒரு கோழிக்குஞ்சு குறுக்கே போனால்கூடத் தெரியும். இதற்கு முன்னால் மூன்றடிக்கு ஒரு மூக்கு. மூக்குக்கு இடதுபுறம் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இதைத்தான் வளர்ச்சி என்கிறார்கள்.

12 ஜனவரி, வெள்ளி

காபி டம்ளரை இடதுபக்கம் வைத்தால் எப்படித் தெரியும்? தட்டிவிட்டேன். கனி துடைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல். வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்துக் கரும்பு கட்டினோம். ஜோடிக் கரும்பையும் தோகையோடு பெட்டிக்குள் படுக்க வைத்தால் முழுதாகப் படுத்துக்கொண்டது. நுனிகூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது.

கரும்பை வைத்தே என் வண்டிகளின் கதையை எழுதிவிடலாம். தொண்ணூற்று மூன்றில் மில் முதலாளியின் ஜீப் மாதிரி வண்டி. முன்னால் நீண்ட மூக்கு, பின்னால் மரப்பலகை அடித்த பெட்டி, மேலே தார்ப்பாய். பெட்டி ஆறடிதான். கரும்பு கட்டினால் இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டு, போகிற வழியெல்லாம் பிள்ளைகள் தோகையை இழுப்பார்கள். அடுத்து மூன்று சக்கர டெம்போ. பட்டாசு மாதிரிச் சத்தம், திருப்பத்தில் சாயும், ஆனால் எந்தச் சந்திலும் பாம்பு மாதிரி நுழையும். அதில் கரும்பை நிறுத்திக் கட்டினேன். பிறகு குட்டியானை. அதில் ஒன்றரை அடி மட்டும் வெளியே நிற்கும், சிவப்புத் துணி கட்டுவேன். இப்போது இது. முழுக் கரும்பையும் விழுங்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கொடு என்கிறது.

சாயங்காலம் தென்காசி ரோட்டில் இன்னொரு அதிசயம் பார்த்தோம். நாலு கதவு, பின்னாலும் சீட்டு, ஆள் உயரச் சக்கரம். சரக்குப் பெட்டி மட்டும் தொட்டி மாதிரி நாலரை அடி. பளபளவென்று இருந்தது, ஒரு மூட்டைகூட ஏறியிருக்காது. “இதுல என்னத்தக் கொண்டுபோவாக?” என்று கனி கேட்டாள். “பெருமைய” என்றேன். சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

எங்களைப் போன்றவனுக்குப் பெட்டி நீண்டுகொண்டே போகிறது, வசதி உள்ளவனுக்குப் பெட்டி குறைந்து சீட்டு கூடிக்கொண்டே போகிறது. பிக்கப் என்ற ஒரே பெயரில் இரண்டு சாதி வண்டி.

22 ஜனவரி, திங்கள்

கனியின் தொல்லை தாங்க முடியவில்லை. லோடுமேன்கள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பெட்டியில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் வா, இரண்டு தட்டு என்றால் நில். தட்டே இல்லையென்றால் வழி சுத்தம், போய்க்கொண்டே இரு. இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் இவள் நேராகப் போகும்போதும் இடது ஜன்னல் வழியே கையை வெளியே விட்டுக் கதவில் தட்டுகிறாள். ஸ்கூட்டர் வந்தால் இரண்டு தட்டு. மாடு நின்றால் இரண்டு தட்டு. கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடியே வருகிறாள்.

“நீ என்ன கண்டக்டரா?” என்றேன்.

“சும்மா வர்றதுக்கு ஒரு வேலைங்க” என்றாள்.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வந்தால் ஏசி எங்கே நிற்கும்? அதற்கு ஆசைப்பட்டல்லவா வந்தாள்.

2 பிப்ரவரி, வெள்ளி

நூல்கிடங்குச் சந்துக்குள் திரும்பும்போது மும்தாஜ் அக்காவின் வடைக்கடைத் தார்ப்பாய்க் கம்பு சாய்ந்துவிட்டது. சந்தின் வாயில் இடதுபுறம் கரண்டுக் கம்பத்தை ஒட்டி அவள் கடை. ஒரு மேசை, ஒரு அடுப்பு, அதன்மேல் எண்ணெய்ச் சட்டி. இருபது வருடமாக அதே இடம். கனி தட்டினாள். தட்டியதும் நின்றேன். ஆனால் கம்பு அதற்குள் சாய்ந்திருந்தது.

“பாத்து தம்பி, இது மூங்கிதான், போனாப் போகுது. எண்ணெ காயுது பாரு” என்று சொல்லிவிட்டு இரண்டு வடையை எப்போதும்போல என் ஜன்னலுக்குச் சுற்றி வந்து கொடுத்தாள். காசு வாங்கவில்லை. கம்பைச் சாய்த்தவனுக்கு வடை.

தெருக்கள் குறுகிவிட்டன. ஆளாளுக்கு வீட்டுப்படியை ஒவ்வொரு அடியாக வெளியே இழுத்துக் கட்டுகிறார்கள். வண்டி பெரிதாக, தெரு சிறிதாக, நடுவில் டிரைவர் என்ன செய்வான்? அளந்து எழுதி பஞ்சாயத்தில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

6 பிப்ரவரி, செவ்வாய்

அளந்தேன். கனி ஒரு முனையைக் கிடங்குச் சுவரில் பிடித்துக்கொண்டாள், நான் கம்பத்தருகே அக்காவின் மேசை விளிம்பில் பிடித்தேன். சந்தின் மிகக் குறுகலான இடம் அதுதான்.

எட்டடி இரண்டு அங்குலம்.

வண்டி ஐந்தடி ஏழு. இரண்டு பக்கக் கண்ணாடியையும் விரித்துச் சேர்த்தால் ஆறடி ஐந்து. ஒன்றே முக்கால் அடி மிச்சம் இருக்கிறது. பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். குட்டியானை வாங்கிய வருடமும் இதே சந்தை அளந்திருக்கிறேன். அப்போதும் எட்டடி இரண்டு அங்குலம்தான்.

டேப் பழசு. இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கும்.

7 பிப்ரவரி, புதன்

புது டேப் வாங்கினேன். அதே அளவு.

11 பிப்ரவரி, ஞாயிறு

லோடு இல்லை. காலையிலிருந்து மூன்று முறை வண்டியைக் கழுவினேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கடைக்குப் போனேன், என்ன வாங்க வந்தேன் என்று மறந்து தீப்பெட்டியோடு திரும்பினேன். வீட்டில் ஏற்கெனவே நாலு தீப்பெட்டி.

கனி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நாட்காட்டியைப் பார்த்தேன். பதினொன்று என்ற சிவப்பு எழுத்து மட்டும் நடுவில் தெரிந்தது. அதைச் சுற்றி நாட்காட்டியும் இல்லை, சுவரும் இல்லை, புகை மூட்டம்.

டியூப்லைட் மங்கல். மாற்ற வேண்டும்.

19 பிப்ரவரி, திங்கள்

ஞானதுரை ஸ்டாண்டுக்கு ஃபாரங்களோடு வந்தான். லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் அல்லவா? எங்கள் ஸ்டாண்டில் அதற்கு ஒரு வழி உண்டு. யாராவது ஒருவன் எல்லோருடைய ஃபாரத்தையும் கட்டாக எடுத்துப்போவான். ஒரு டாக்டர் ஆளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார். இந்த முறை துரையின் முறை.

“இந்தாங்கண்ணே ஒங்களுது. ரெண்டு கண்ணும் அருமையாத் தெரியுதாம் ஒங்களுக்கு” என்று சிரித்துக்கொண்டே நீட்டினான்.

நானும் சிரித்தேன். வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நாளெல்லாம் அந்தப் பை கனத்தது.

துரை போகும்போது, “நீங்க ஒரே நடையில எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிர்றீங்க. எனக்கு வாழக்காயும் பழைய கட்டிலும்தாண்ணே மிஞ்சுது” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. என் பழைய வண்டிதான் அவனுக்குப் பின்னால் நின்றது. வலதுபக்கமாகப் போய் அதன் மூக்கில்லாத முகத்தைத் தடவிவிட்டு வந்தேன்.

27 பிப்ரவரி, செவ்வாய்

சிவகாசியில் கனியின் தங்கை மகளுக்குச் சடங்கு. நாளைக் காலை போய் மறுநாள் திரும்புவாள். “நீங்களும் வாங்க. ரெண்டு நாள் வண்டி நிக்கட்டும்” என்று பத்து தரம் சொல்லிவிட்டாள். நாளைக்கு லோடு சொல்லியிருக்கிறார்கள், முப்பத்தாறு பேல் துணி. விட்டால் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள்.

“நீ வண்டில ஏறுறதுக்கு முன்னாடி முப்பது வருசம் நான் வண்டி ஓட்டலையா?” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் சேலை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

28 பிப்ரவரி, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணி. முப்பத்தாறு பேலும் ஏற்றி, கயிறு கட்டி, நூல்கிடங்குச் சந்துக்குத் திரும்பினேன். மெதுவாகத்தான் திரும்பினேன். இடதுபக்கம் தட்டு எதுவும் கேட்கவில்லை. அதனால் வழி சுத்தம் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் அப்படிப் பழகியிருக்கிறேன். தட்டுவதற்கு ஆள் இல்லை என்பது எனக்கு நினைவில்லை.

மும்தாஜ் அக்கா என் வலது ஜன்னலுக்கு வந்தாள். கையில் தாளில் இரண்டு வடை. “இன்னைக்குக் கனி வரலையா தம்பி?” என்று கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். வண்டி உருண்டுகொண்டிருந்தது. அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவள் என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டி இடதுபக்கம் பார்த்துக் கத்தினாள்.

பிரேக் அடித்து இறங்கி ஓடினேன். மேசை சாய்ந்து கிடந்தது. அடுப்பு கவிழ்ந்து கிடந்தது. ஒரு சட்டிக் கொதிக்கும் எண்ணெயும் ரோட்டில், அவள் எப்போதும் உட்காரும் பலகையின் மேல், கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்துகொண்டிருந்தது.

எனக்கு வடை கொடுக்க எழுந்து வந்ததால் அவள் பலகையில் இல்லை. அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் இல்லை.

கூட்டம் கூடியது. லோடுமேன்கள் வந்தார்கள். அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து என் தோளைத் தொட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “அவன் என்ன பண்ணுவான், பாவம். வண்டி பெருசாயிருச்சு, இந்தச் சந்துல எடம் பத்தல.”

எல்லோரும் ஆமாம் என்றார்கள். இரண்டு மாதமாக இந்த நோட்டில் நான் எழுதிவந்த வார்த்தை அது. அவள் வாயிலிருந்து வந்தபோது என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒன்றே முக்கால் அடி மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். புது டேப்பில் அளந்தவன் நான்.

பயமாக இருக்கிறது. இந்த வார்த்தையை இதுவரை எழுதவில்லை. எழுதிவிட்டேன்.

29 பிப்ரவரி, வியாழன்

வண்டி எடுக்கவில்லை. சட்டைப்பையில் இருந்த ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். கீழே யாரோ ஒரு டாக்டரின் கையெழுத்து நன்றாகத் தெரிந்தது. அடுப்பில் போட்டேன்.

மாலை பஸ்ஸில் கனி வந்தாள். பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை.

“எனக்கு எடது பக்கம் தெரியல கனி.”

அவள் அதிரவில்லை. பையை மெதுவாக வைத்தாள்.

“எனக்குத் தெரியும்ங்க” என்றாள்.

5 மார்ச், செவ்வாய்

இது சண்முகக்கனி எழுதுவது. மதுரை கண்ணாஸ்பத்திரியில் இவருக்கு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்திருக்கிறார்கள், எழுத்து தெரியவில்லை. ஆனால் இன்றைக்கு நடந்ததை நோட்டில் ஏற்றியே ஆகவேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது. இடது கண்ணில் ஓரம் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணிலும் மூக்குப் பக்கம் தொடங்கிவிட்டது. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத் தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து. வண்டி ஓட்டக்கூடாது.

இவ்வளவுதான் அவர் சொன்னது. இனிமேல் நான் சொல்வது. அவர் படுத்திருக்கிறார்.

முன் பக்கங்களை எல்லாம் படித்துவிட்டேன். படிக்கக்கூடாதென்றால் என் கையில் கொடுத்திருக்கக்கூடாது. எனக்கு ஏசி ஆசை என்று எழுதியிருக்கிறார். ஏசி எனக்குச் சேரவே சேராது, அடுக்கடுக்காகத் தும்மல் வரும். இருபத்தாறு வருடம் கூட இருந்தும் இது தெரியவில்லை.

போன ஐப்பசியில் பழைய வண்டியில் ராஜபாளையம் போனோம். இடதுபக்கம் ஓரமாக ஒரு மனுசன் ஆடு பத்திக்கொண்டு போனான். இவர் முணுமுணுவென்று பாடிக்கொண்டே அவன் மேலேயே ஏற்றப் போனார். அந்த ஆள்தான் துள்ளி விலகினான். இவர் பாட்டை நிறுத்தவேயில்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் இந்த மனிதர் உடைந்துபோவார் என்று சொல்லாமல் விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து தட்டித் தட்டியே சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்து நான் ஒருநாள் சடங்குக்குப் போனேன். மும்தாஜ் அக்காவின் எண்ணெய்ச் சட்டியில் எனக்கும் பங்கு உண்டு. அதை எழுதத்தான் பேனாவை வாங்கினேன்.

10 மார்ச், ஞாயிறு

கண் தெளிந்துவிட்டது. தெளிந்தது என்றால் முன்பு இருந்த அளவுக்கு.

ஞானதுரை காலையில் வந்தான். நாளையிலிருந்து புது வண்டியை அவன் ஓட்டுகிறான், குட்டியானையை அவன் தம்பி பார்த்துக்கொள்வான். கேட்கத்தான் எனக்கு நாலு நாள் ஆனது. அவன் நாலு நொடிகூட யோசிக்கவில்லை. “நீங்க வலப்பக்கம் நின்னு தட்டுங்கண்ணே, மதினி எடப்பக்கம் நிக்கட்டும். ராசா மாதிரி உள்ள கொண்டுபோய் விட்டுர்றேன்” என்றான்.

பிறகு மூன்று பேரும் நூல்கிடங்குச் சந்துக்குப் போனோம். தறிகள் ஓடாத நாள், சந்து வெறிச்சென்று கிடந்தது. மும்தாஜ் அக்காவுக்குப் புது மேசை செய்து கொடுத்திருக்கிறேன், அதைக் கம்பத்தை ஒட்டிக் கவிழ்த்து வைத்திருந்தாள். எதற்கு இங்கே கூட்டி வந்தேன் என்று துரைக்குப் புரியவில்லை. கனிக்குப் புரிந்தது. என் கையில் டேப்பைப் பார்த்ததுமே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டி ஓட்டும்போது வலது கிடங்குச் சுவரிலிருந்து நான் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருப்பேனோ, அவ்வளவு தள்ளி, கம்பத்துக்கு வண்டி மூக்கின் நீளம் பின்னால் நின்றேன். நேராகப் பார்த்தேன், தலையைத் திருப்பவில்லை. கனி கையில் சுண்ணக்கட்டியோடு இடதுபுறக் கம்பத்தருகே போய் நின்றாள். அவள் போனதைக் கேட்டேன், பார்க்கவில்லை.

“வா” என்றேன்.

அவள் சந்தின் நடுவை நோக்கி ஒவ்வொரு அடியாக நகர்ந்து வந்தாள். வளையல் சத்தம் வந்தது. அவள் வரவில்லை.

“தெரியுதாங்க?”

“இல்ல.”

“இப்ப?”

“இல்ல கனி.”

துரை டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னொரு அடி வைத்தாள். பச்சைச் சேலையின் ஓரம் முதலில் தெரிந்தது, அப்புறம் அவள் கை, அப்புறம் அழுதுகொண்டிருந்த முகம். “தெரியுது” என்றேன். காலடியில் கோடு போட்டாள்.

வலது சுவரிலிருந்து அந்தக் கோடு வரை அளந்தோம். ஒருமுறைக்கு இரண்டு முறை அளந்தோம். வீட்டுக்கு வந்ததும் எல்லா வண்டிகளின் அளவும் இருக்கிற பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். இங்கேயும் எழுதுகிறேன்.

சந்து: எட்டடி இரண்டு அங்குலம்.

எனக்குத் தெரிகிற சந்து: ஐந்தடி ஒரு அங்குலம்.

வண்டி: ஐந்தடி ஏழு அங்குலம்.

இடம் பற்றவில்லை என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆறு அங்குலம் பற்றவில்லை.